முதல் நோயாளி பெருமாள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் யாராவது "கனெக்ட் ஆயிடுச்சு" என்று சொன்னால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் "எதோட?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கற்றுக்கொள்ள எனக்கு இருபத்தாறு வருட வேலையும் அதில் பதினோரு நாள் தவறும் தேவைப்பட்டன. உங்களுக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் போதும்.

மன்னார்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம், இன்றும் எனக்கு அங்கேதான் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். அதன் கணினிப் பிரிவுக்கு நான் தலைமை. தலைமை என்றால், என்னையும் சேர்த்து மூன்று பேர். ஏசி அறை உண்டு. சர்வர் சூடாகக் கூடாது என்பதற்காகப் போட்ட ஏசி அது. அதன் தயவில் நாங்களும் குளிர்ந்திருந்தோம்.

நோயாளிகளின் விவரங்களைக் காகிதத்திலிருந்து எடுத்து ஒரே சர்வரில் வைப்பதென்று முடிவானது. யாருக்கு என்ன நோய், என்ன மருந்து, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அதில் இருக்கும். வார்டு, மருந்தகம், அவசரப் பிரிவு என்று இருபது கணினிகளில் ஒரு மென்பொருளைப் போட்டு அந்தச் சர்வரோடு இணைக்க வேண்டியது எங்கள் வேலை. இணைப்பு இருந்தால் திரையின் மூலையில் பச்சைப் புள்ளி தெரியும், இல்லாவிட்டால் சிவப்பு. இதைவிட எளிமையாக யாராலும் செய்ய முடியாது என்று நான் பெருமைப்பட்டதுண்டு.

சர்வர் இரண்டு இருந்தன. ஒன்று நிஜம். இன்னொன்று, நர்சுகள் பழகுவதற்காக வைத்த பயிற்சிச் சர்வர். பயிற்சி நிஜம் போலவே இருக்கவேண்டும் என்று, வரவேற்பில் பதிவாகும் நோயாளிகளின் பெயரும் வயதும் பயிற்சிச் சர்வருக்கும் ஒரு நகல் போகும்படி நானே செய்து வைத்திருந்தேன். திரையைப் பார்த்தால் எது நிஜம், எது பயிற்சி என்று தெரியாது. கீழே ஓரத்தில் சின்ன எழுத்தில் சர்வரின் முகவரி இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. அதை வைத்த நானும் படித்ததில்லை.

பயிற்சி வகுப்பில் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். நோயாளி பயத்தில் மாற்றிச் சொல்வார், கூட வந்தவர் மறந்துவிடுவார், ஆனால் சர்வரில் ஒருமுறை ஏறியது ஏறியதுதான். இதையே ஒரு வாசகமாக எழுதி, அச்சடித்து, ஒவ்வொரு வார்டு சுவரிலும் ஒட்டினேன். "வாய் மறக்கும். திரை மறக்காது. திரையைப் பாருங்கள்." எதுகை மோனையெல்லாம் தானாக அமைந்துவிட்டதென்று வீட்டில்கூடச் சொல்லிக் காட்டினேன்.

இனி எங்கள் சேர்மன். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். தெர்மாமீட்டர் வாங்குவதற்கும் திருவெள்ளறையில் இருக்கும் தம் ஜோசியரைக் கேட்பார். ராகுகாலத்திலும் எமகண்டத்திலும் அவசரமில்லாத ஆபரேஷன் எதையும் தொடங்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். டாக்டர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு அந்த நேரத்தில் டிபன் சாப்பிடப் பழகிக்கொண்டார்கள்.

புதிய சர்வரைத் தொடங்க ஜோசியர் குறித்துக் கொடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை, ஒன்பதேகாலிலிருந்து பத்தேகாலுக்குள். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். எங்கள் சிக்கல் என்னவென்றால், பழைய விவரங்கள் நிஜச் சர்வரில் ஏறி முடிய மதியம் ஒரு மணி ஆகும்.

"சார், ஒரு மணிக்கு மேல தொடங்கினா நல்லாயிருக்கும்," என்றேன்.

"ஜோசியர் எழுதியே குடுத்துட்டாரு மேடம். பச்சை எரியணும், அவ்வளவுதான். உள்ள என்ன நடக்குதுன்னு யாரு பாக்கப்போறா?"

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டது சேர்மன். அதற்குத் தலையாட்டியது நான். தலையாட்டியதோடு ஒரு வழியும் கண்டுபிடித்தேன். அவசரப் பிரிவின் முதல் கணினியைத்தான் அவர் தொடங்கி வைக்கப் போகிறார். அதை மட்டும் பயிற்சிச் சர்வரோடு இணைத்துவிட்டால் ஒன்பதேகாலுக்குப் பச்சை எரியும். மதியம் நிஜத்துக்கு மாற்றிவிடலாம். இரண்டு நிமிட வேலை.

சரியாக ஒன்பது இருபதுக்குச் சேர்மன் வந்தார். கணினித் திரையின் மேல் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். விசைப்பலகைக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம். கற்பூரத்தை மட்டும் ஆக்சிஜன் குழாயைக் காட்டித் தடுத்தோம். அவர் பொத்தானை அழுத்தினார், பச்சை எரிந்தது, எல்லோரும் கை தட்டினோம்.

"முதல் பேரு பெருமாள் பேரா இருக்கட்டும் மேடம். கடையில முதல் பில்லு சாமி பேருலதானே போடுவோம்."

ஸ்ரீரங்கத்துக்காரியான நான் மறுப்பேனா? ரங்கநாதர் என்று பதிந்தோம். ஆண். விலாசம், ஸ்ரீரங்கம். வயதுக்கு நூற்றிருபதுக்கு மேல் மென்பொருள் ஒத்துக்கொள்ளவில்லை, நூற்றிருபதே போட்டோம். நோயாளியின் நிலை என்று ஒரு கட்டம், அதில் 'நடமாடுகிறார்', 'படுக்கையில்' என்று இரண்டே விடை. சேர்மன் கொஞ்சம் யோசித்துவிட்டு 'படுக்கையில்' என்பதைத் தொட்டார். ஒத்துக்கொள்ளாத மருந்து என்ற கட்டத்துக்கு வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அவருக்கென்னங்க, ஒண்ணும் கிடையாது," என்றார். 'இல்லை' என்று பச்சை எழுத்தில் வந்தது.

அந்தப் பச்சை 'இல்லை'யைப் பற்றி இங்கே ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் அந்தக் கட்டத்தில் யாரும் எதுவும் எழுதாவிட்டால் வெறுமையாகத்தான் இருந்தது. வெறும் கட்டம் பார்க்க அசிங்கமாக இருக்கிறது, ஏதோ பழுது போலத் தெரிகிறது என்று ஒரு டாக்டர் சொன்னார். எழுதாமல் விட்டாலும் 'இல்லை' என்று காட்டும்படி மாற்றிக் கொடுத்தேன். கேட்டு 'இல்லை' என்று எழுதியதும், கேட்காமலே விட்டதும் அன்றிலிருந்து ஒரே மாதிரி தெரிந்தன. திரை அழகாகிவிட்டது.

மதியம் நிஜச் சர்வர் தயாரானதும் பத்தொன்பது கணினிகளை அதோடு இணைத்தோம். இருபதாவது, பூ வைத்த கணினி. அதை மாற்ற ஒருமுறை அணைத்து எழுப்ப வேண்டும். கதம்பத்தைத் தூக்கப் போனபோது அங்கிருந்த ஊழியர், "சாயங்காலம் பூசை முடியுற வரைக்கும் அணைக்கக் கூடாதுன்னு சேர்மன் சொல்லியிருக்காரு மேடம்," என்றார். சரி, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

சாயங்காலம் எங்கள் சித்திரை வீதியில் பெருமாள் புறப்பாடு. காவிரிப் பாலத்தில் மாட்டிக்கொண்டால் வீதிக்குள் நுழைய முடியாது. நான்கரைக்கே பஸ் ஏறினேன். ஆக, பெருமாளைத் தவறான சர்வரில் விட்டுவிட்டுப் பெருமாளைச் சேவிக்கப் போனேன். சேவை நன்றாகக் கிடைத்தது.

மறுநாள் காலை ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணினியாகப் போனேன். பட்டியலில் இருந்த கேள்வி, பச்சை எரிகிறதா என்பது. பூ வைத்த கணினியிலும் எரிந்தது. இருபது இடத்திலும் டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க இன்றுவரை என்னால் முடியாததற்குக் காரணம் அந்தக் கையெழுத்து.

அவசரப் பிரிவில் அந்தக் கணினிக்குத் தனி மரியாதை. சேர்மன் தொட்ட கணினி என்பதால் முக்கியமான வேலைக்கு அதையே வைத்துக்கொண்டார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் என்ன மருந்து சாப்பிடுகிறார், எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்டு அதில்தான் பதிந்தார்கள். நகலாக வந்த பெயர்கள் இருந்ததால் ஆளைத் தேடினால் கிடைத்தார். எழுதினால் ஏறியது. ஏறிய இடம் பயிற்சிச் சர்வர். மாடியில் வார்டுகள் பார்த்தது நிஜச் சர்வரை. அங்கே எல்லோருக்கும் அழகான பச்சை எழுத்தில் 'இல்லை'.

பதினோராம் நாள் திங்கட்கிழமை. காலை பதினொரு மணிக்குச் சேர்மன் என் அறைக்கு வந்தார்.

"மேடம், முதல் பதிவை ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுங்க. ஃபிரேம் போட்டு வாசல்ல மாட்டலாம்னு இருக்கேன்."

என் கணினியில் பெருமாளைத் தேடினேன். இப்படி ஒரு நோயாளி இல்லை என்றது. இன்னொரு முறை தேடினேன். இல்லை.

"என்ன மேடம், பெருமாளே இல்லைங்குது?" சேர்மனின் முகம் வாடிவிட்டது.

"இருப்பார் சார், கீழ பாத்துட்டு வரேன்," என்று இறங்கினேன். அவரும் பின்னாலேயே வந்தார். அவசரப் பிரிவின் முதல் கணினியில் தேடினால், பெருமாள் சௌக்கியமாக இருந்தார். நூற்றிருபது வயது, படுக்கையில். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகுதான் திரையின் ஓரத்தில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தேன். பயிற்சிச் சர்வரின் முகவரி. பெருமாளுக்குக் கீழே பதினோரு நாள் வந்த நோயாளிகளுக்கு எழுதிய குறிப்புகள் வரிசையாக நின்றன.

அந்த நேரத்தில் என் மூளை என்ன செய்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் மூளையும் அதையேதான் செய்யும். எத்தனை பேருக்கு ஆபத்து என்று அது கேட்கவில்லை. நகலெடுக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று கேட்டது. ஒரு மணி நேரம். யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம். முழுப் பூசணிக்காய், ஆனால் சோறும் நிறைய இருந்தது.

பக்கத்தில் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் நின்றிருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். பெயர் எழுதினால் கோபிப்பார், சிஸ்டர் என்றே எழுதுகிறேன். என் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"என்ன ஆச்சு மேடம்?"

தாழ்ந்த குரலில் சொன்னேன். "ஒரு மணி நேரம் குடுங்க சிஸ்டர். எல்லாத்தையும் மாத்திடறேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப மணி பதினொண்ணு இருபது. இந்த ஒரு மணி நேரத்துல மாடியில ஊசி போடாம இருப்பாங்களா?"

நான் மாடிப்படியைப் பார்த்தேன்.

"நீங்க ஆற அமர மாத்துங்க. அதுக்கு முன்னாடி, ஸ்கிரீனை நம்பாதீங்கன்னு சொல்லிட்டு மாத்துங்க," என்று என்னை வரவேற்பு மேசைக்கு நடத்திக்கொண்டு போனார். அங்கே ஒரு மைக் உண்டு. வாசலை அடைத்து நிற்கும் காரை எடுக்கச் சொல்லத்தான் அது பயன்படும். அதை என் கையில் கொடுத்தார். தானே பேசியிருக்கலாம், பேசவில்லை.

சேர்மனுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. கூடம் முழுக்க ஆட்கள். அவர் என் காதோரம் குனிந்து, "மேடம், எமகண்டம் ஓடிட்டிருக்கு. பன்னெண்டுக்கு மேல சொல்லிக்கலாமே," என்றார்.

"பதினொண்ணரைக்கு ஆபரேஷன் கேசுக்கு ஊசி போடுவாங்க சார்," என்றார் சிஸ்டர், என்னைப் பார்த்தபடியே.

மைக்கில் பேசினேன். "எல்லா வார்டு சிஸ்டர்களும் கவனிங்க. கேசுவாலிட்டி வழியா வந்தவங்களுக்கு, ஒத்துக்காத மருந்து இல்லைன்னு ஸ்கிரீன்ல இருந்தா நம்ப வேண்டாம். புதுசா எந்த ஊசியும் போட வேண்டாம். நோயாளிகிட்டயே திரும்பக் கேளுங்க. தப்பு கம்ப்யூட்டர் பிரிவோடது. என்னோட தப்பு."

ஒரு பெரியவர் தன் மனைவியிடம் "என்ன ஊசியாம்?" என்றார். யாரும் எழுந்து ஓடவில்லை. நான் பயந்ததெல்லாம் அதற்குத்தான் என்று அப்போது தெரிந்து, எனக்கு வெட்கமாக இருந்தது.

சற்று நேரத்தில் வரவேற்பு மேசையின் போன் அடித்தது. சிஸ்டர் எடுத்து, எங்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். ஆண்கள் அறுவை வார்டிலிருந்து ஒரு நர்ஸ். "மேடம், ஆறாம் கட்டில். பென்சிலின் ஊசியை ஏத்திக் கையில வெச்சிருந்தேன். இப்பக் கேட்டா, அதைப் போட்டு முன்ன ஒருதடவ மூச்சே நின்னுபோச்சுங்கறாரு." முதலில் சோதனைக்குத் துளி போட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம். திரையே சொல்கிறபோது அது எதற்கு என்று, இந்தப் பதினோரு நாளில் அதையும் விடத் தொடங்கியிருந்தார்கள்.

சிஸ்டர் போனை வைத்தார். சேர்மன் தம் கடிகாரத்தைப் பார்த்தார். ஏதோ கணக்குப் போட்டார். மெல்ல முகம் மலர்ந்தது.

"அந்தக் கேசுதானே? டாக்டர் பதினொண்ணுக்கு எடுத்துக்கறேன்னாரு. எமகண்டம் வேணாம், பன்னெண்டேகாலுக்கு வெச்சுக்குங்கன்னு நான்தான் தள்ளிப் போட்டேன். பதினொண்ணுன்னா ஊசி எப்பவோ போட்டிருப்பாங்க. இப்பப் புரியுதா மேடம், நேரம் எதுக்குப் பாக்கறோம்னு?"

என்னால் மறுக்க முடியவில்லை. நல்ல நேரத்தில் ஆரம்பித்த தவறை எமகண்டம் தடுத்துவிட்டது என்பது உண்மை. என் படிப்பு, அனுபவம், பட்டியல் எதுவும் தடுக்காததை ஒரு பஞ்சாங்கம் தடுத்தது. இன்றைக்கும் அந்த மருத்துவமனையில் இந்தக் கதையைச் சேர்மனின் கதையாகத்தான் சொல்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. பஞ்சாங்கத்தை நம்பி வேலை செய்யச் சொல்கிறேன் என்று நீங்கள் கிளம்பிவிடாதீர்கள். அடுத்த முறை அது உங்கள் பக்கம் இருக்கும் என்று எந்த ஜோசியரும் எழுதிக் கொடுக்கமாட்டார்.

அந்த வாரம் செய்த திருத்தங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயிற்சிச் சர்வரின் திரை முழுக்கக் காவி நிறமானது, கண் மங்கியவருக்கும் தெரியும்படி. எழுதாத கட்டம் 'இன்னும் கேட்கவில்லை' என்று சிவப்பில் காட்டியது. அந்த டாக்டருக்கு அது பிடிக்கவில்லை, பிடிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பட்டியலில் 'பச்சை எரிகிறதா' என்ற கேள்வியை அடித்துவிட்டு, 'எந்தச் சர்வர்? முகவரியைப் பார்த்து எழுதவும்' என்று போட்டேன். டிக் போட இடமில்லை, கையால் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் அன்று மதியம் எனக்கு நடந்தது வேறு. பயிற்சிச் சர்வரிலிருந்து நகலெடுக்கிறேன் என்று நான் உட்காரப் போனபோது, சிஸ்டர் ஒரு காகித அட்டையையும் பேனாவையும் நீட்டினார்.

"மிஷின்லேருந்து மிஷினுக்கு அப்புறம் மாத்திக்கலாம். கேசுவாலிட்டி வழியா வந்து வார்டுல இருக்கறவங்க முப்பத்திரண்டு பேரு. ஒவ்வொரு கட்டிலா நீங்களே போய்க் கேட்டு எழுதிட்டு வாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அந்த மருத்துவமனையில் அத்தனை வருடம் இருந்தும், ஒரு நோயாளியின் பக்கத்தில் நின்று நான் எதையும் கேட்டதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆறாம் கட்டிலுக்கு மூன்று மணி வாக்கில் போனேன். முசிறிக்காரர், ஐம்பது வயதிருக்கும். வாழைத்தார் வெட்டும்போது அரிவாள் காலில் இறங்கி, சர்க்கரை வியாதியால் புண் ஆறாமல் போயிருந்தது. வேறு மருந்து கொடுத்து ஆபரேஷனை மாலைக்கு வைத்திருந்தார்கள். கட்டிலுக்கு நேர் எதிரே, சுவரில் என் வாசகம்.

"உங்களுக்கு எந்த மருந்துங்க ஒத்துக்காது?" என்றேன்.

"பென்சிலின்மா. நேத்து கீழ வந்ததும் சொன்னேன், எழுதிக்கிட்டாங்க. ராத்திரி இங்க வந்ததும் சொன்னேன். காலையில இந்தப் பொண்ணு ஊசியோட வந்தப்பவும் சொன்னேன். அது பாவம், கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, இல்லைன்னு போட்டிருக்கே அய்யா, நீங்க வேற எதையோ நெனச்சுக்கிட்டுச் சொல்றீங்கன்னு அந்தச் சீட்டைக் காட்டுச்சு. படிச்சவங்க எழுதி ஒட்டினது, சரியாத்தான் இருக்கும்னு நானும் கையை நீட்டிட்டேன். அப்பத்தான் மைக்குல அந்தக் குரல் வந்துச்சு."

அந்தக் குரல் என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். சீட்டும் என்னுடையது என்பதால் சொல்லவில்லை. நான் தலை குனிந்து, பென்சிலின் என்று பெரிய எழுத்தில் எழுதினேன். அடியில் கோடு போட்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது, அவர் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பிறகு எழுந்து போய்ச் சுவரிலிருந்த சீட்டைக் கிழித்து, நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இன்னும் வைத்திருக்கிறேன்.

நான் கிளம்பும்போது அவர் கூப்பிட்டார்.

"இப்ப அந்த கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சிடுச்சாம்மா?"

"தெரிஞ்சிடும்ங்க. இப்பவே போய் ஏத்திடறேன்."

"அப்பச் சரிம்மா," என்றார் அவர், நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டு. "அது சொன்னாத்தான் கேக்கறாங்க."